இரும்பு நண்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் முட்டி வலிக்கோ ஒல்லாந்தர் கோட்டைக்கோதான் வந்து நிற்கிறது. முட்டி வலியைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. கோட்டையும் இப்போது இல்லை. இடித்து, கல்லைக்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உங்களில் சிலருக்கு அதன் பீரங்கிச் சத்தம் நினைவிருக்கிறது. சிலர் அங்கே சுட்ட ரொட்டியின் மணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்கிறீர்கள், தின்று பார்த்தவர் என்னவோ ஒருவரும் இல்லை. எனக்கு அந்தக் காலம் என்றால் சுறா எண்ணெய் நாற்றமும், எங்கள் வீட்டில் நண்டு என்று பெயர் வைத்துக் கூப்பிட்ட ஓர் இரும்புச் சாமானும்தான்.

எங்கள் நைனா கடைசல் தச்சர். மரத்தைச் சுழலவிட்டு, உளி பிடித்து உருட்டாக இழைக்கிற வேலை. தரையில் இரண்டு கட்டை நட்டு, அதற்கு நடுவே மரத்தைப் பூட்டி, மரத்தின்மேல் ஒரு கயிற்றைச் சுற்றியிருக்கும். அம்மா கயிற்றின் இரு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுப்பாள். மரம் முன்னும் பின்னும் சுழலும். நைனா எதிரே குந்தி, கால் விரலால் உளிக்கு முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். தொட்டில் கால், நூற்கிற கதிர், உலக்கைப் பூண் மாட்டுகிற முனை என்று எது வந்தாலும் அந்தக் கயிற்றில்தான். அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்ட நாளில் மரம் எப்படிச் சுழலும் என்று சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன்.

வீட்டில் இன்னொருத்தி அத்தை. நைனாவுக்கு மூத்தவள். அவள் புருஷனும் தச்சர்தான். நான் பிறப்பதற்கு முன்னால், கோட்டைக்காரர்களிடம் ஒப்புக்கொண்ட வேலை கப்பல் கிளம்புவதற்குள் முடியாமல் போக, மிச்சத்தைப் போகிற வழியில் முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்புகிறேன் என்று பத்தாவிக்குப் போனவர். பத்தாவி என்பது கடலுக்கு அப்பால் ஒல்லாந்தருக்கு இருந்த பெரிய துறைமுகம். அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவர் வரவில்லை. செத்தார் என்ற சேதியும் வரவில்லை. அதனால் அத்தை பொட்டும் வைத்திருந்தாள், எங்கள் வீட்டிலும் இருந்தாள்.

அவர் விட்டுப்போன உளிகள் ஒரு சாக்குத்துணியில் சுற்றிக் கிடந்தன. நம் உப்பு ஏரிக் காற்றில் இரும்பு நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும். காலையில் பளபளத்த அரிவாள்மணை மறுநாள் மஞ்சள் பூத்துவிடும். படகுப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயைத்தான் நம் பக்கத்தில் இரும்புக்கும் பூசுவது. சனிக்கிழமை மனிதருக்கு எண்ணெய்க் குளியல் என்றால், எங்கள் வீட்டில் இரும்புக்கும் அன்றுதான். அத்தை ஒரு கொட்டாங்கச்சியில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, கந்தலை நனைத்து, முதலில் புருஷனின் உளிகளைத் துடைப்பாள். பிறகு நைனாவின் உளிகள், வாள், இழைப்புளி, அரிவாள்மணை, கடைசியில் கதவு நாதாங்கி. வீடு ஞாயிற்றுக்கிழமை வரை நாறும். “இன்னாத்துக்கு அண்ணி, தாழ்ப்பாளுக்குமா?” என்று அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

“அவரு வந்து கைய வைக்கும்போது துரு ஒட்டக் கூடாது” என்பாள் அத்தை.

அந்த ஆண்டு ஆவணியில் கோட்டையிலிருந்து நைனாவுக்குக் கப்பி வேலை வந்தது. கப்பலில் பாயைத் தூக்கி இறக்கக் கயிறு ஓடுகிற கப்பி. ஒரு மரக்கூடு, உள்ளே ஒரு சக்கரம், சக்கரத்துக்கு நடுவே ஓர் அச்சு, அவ்வளவுதான். கூட்டுக்குப் பூவரசு, சக்கரத்துக்கும் அச்சுக்கும் புளியமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை. மாதிரிக்கு ஒரு கப்பியும் கொடுத்தார்கள். நைனா அதைப் பார்த்து முதல் வரிசையை முடித்து, படகில் ஏற்றிக் கோட்டைக்குக் கொண்டுபோன அன்று என்னையும் கூட்டிப்போனார். கயிறு இழுத்துத் தோள் வீங்கிய கையோடு என்னையும் சேர்த்து மேய்க்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கோட்டை வாசலில் தச்சு வேலைக்குத் தலைவரான துரை நின்றார். பக்கத்தில் அவர் பேச்சை நமக்குச் சொல்கிற துபாசி. துரை ஒரு கப்பியை எடுத்துச் சக்கரத்தைத் தட்டினார். அது பட்டுப்போல் ஓடியது. தலையை ஆட்டினார். அடுத்ததும் ஓடியது. பிறகு அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். இரண்டு கப்பியையும் பிரித்து, இதன் சக்கரத்தை அதன் அச்சில் போட்டு, அதனுடையதை இதில் போட்டார். ஒன்று இறுகி நின்றது. மற்றொன்று லொடலொடவென்று ஆடியது.

“ஒண்ணுக்கு ஒண்ணு பாத்துப் பாத்து இழைச்சதுங்க” என்றார் நைனா. “சோடிய மாத்துனா எப்படிங்க சுத்தும்?”

துபாசி துரையிடம் கேட்டுவிட்டுத் திரும்பினார். “தொரை இன்னா சொல்றாருன்னா, உன் வேலை சுத்தம். ஆனா நடுக்கடல்ல ஒரு சக்கரம் ஒடைஞ்சா வேற கப்பில இருந்து எடுத்து இதுல போடணும். அப்போ சோடி பாத்துகினு இருக்க முடியாது. எல்லாம் மாதிரி கணக்கா இருக்கணும். எத எதுல போட்டாலும் சுத்தணும்.”

துரை இடுப்பிலிருந்து ஒரு பித்தளைச் சாமானை எடுத்தார். வட்டம் போடுகிற கவராயம் தெரியுமல்லவா, இரண்டு நேர்க்கால் வைத்தது. இதற்குக் கால்கள் வெளியே பிதுங்கி, மறுபடி உள்ளே வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. மாதிரிக் கப்பியின் அச்சை அதன் வாயில் கொடுத்தார். நுனிகள் இரண்டு பக்கமும் தொட்டன. கால்களை அசைக்காமல் அப்படியே எடுத்து நைனா இழைத்த அச்சின்மேல் வைத்தார். நுழையவில்லை. இன்னொன்றின்மேல் வைத்தார். இடைவெளி விட்டு நழுவியது. நைனா நூல் சுற்றியும் விரல் இடுக்கில் பிடித்தும் பருமன் பார்ப்பவர். அவர் கண் அந்தச் சாமானை விட்டு நகரவே இல்லை.

கிளம்பும்போது துபாசி குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஐப்பசிப் புயலுக்கு முன்னாடி கப்பல் போயாவணும். அதுக்குள்ள முடிச்சிட்டா பேஜார் இல்ல. முடியலன்னா உன் கடைசல் கட்டையோட ஏறிக்க. போற வழியில இழைச்சிக் குடு. நீ ஒத்துக்குனதுதானே?”

“ஒத்துக்குனதுதாங்க” என்றார் நைனா.

வீட்டில் இந்தப் பேச்சைச் சொன்னபோது அம்மாதான் முதலில் சிரித்தாள். “பொண்ணு எந்த வூட்டுக்குப் போனாலும் ஒத்துப் போவணும்ங்கறான். இங்க ஒரு வூட்டுக்கே ஒத்துப் போவ மாட்டேங்குது.”

“என்னப் பாத்து சொல்றியா?” என்று அத்தையும் சிரித்தாள். கப்பலில் ஏறுகிற பேச்சை நைனா அதன் பிறகுதான் சொன்னார். அத்தை எழுந்து உள்ளே போய் உளி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப முடிந்து வைத்தாள்.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு வளைகால் கவராயம் வேண்டியதாயிற்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அலைந்தோம்.

முதலில் ஏலத்தில் ஒன்று வந்தது. இங்கே செத்துப்போன வெள்ளைக்காரர்களின் சாமான்களைக் கோட்டை வாசலில் பரப்பி ஏலம் விடுவார்களே, அதில். ஒரு ஜோடி பூட்ஸ், சீப்பு, புகை பிடிக்கிற பீங்கான் குழாய், நடுவே ஒரு பித்தளைக் கவராயம். நைனா தோளில் உட்கார்ந்து நான்தான் அதை முதலில் பார்த்தேன். அதன் இரண்டு கால்களுக்கும் குறுக்கே பிறை மாதிரி ஒரு பட்டை, அதில் ஒரு திருகு. அளவை வைத்துத் திருகை முடுக்கினால் கால் அசையாது. நைனா அதைக் கையில் வாங்கித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஏலம் ஏறிய வேகத்தில் எங்கள் வீட்டுக் கறவைமாடு இரண்டு இருந்தாலும் போதாது, ஒன்றுதான் இருந்தது. திரும்பக் கொடுத்துவிட்டார். அது நம் வீட்டுக்கு வராததே நல்லது, செத்தவன் கைச்சூடு அதில் இருக்கும் என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். விலை தெரிந்த பிறகுதான் இவளுக்குச் செத்தவன் ஞாபகம் வந்தது.

இரண்டாவது, கடைத்தெருவில் ஒரு சாயபு வைத்திருந்தது. மெல்லிய இரும்புத் தகடு, பார்க்க அழகாக, கால் வளைவில் பூவேலைகூட இருந்தது. விலையும் கைக்கு எட்டுகிற விலை. நைனா ஒரு கடைசல் துண்டை மடியிலிருந்து எடுத்து அதன் வாயில் வைத்தார். லேசாக அழுத்தியதும் கால்கள் விரிந்து உள்ளே விட்டன. அதைவிடப் பருத்த துண்டு ஒன்றை வைத்தார். அதையும் விட்டன. திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

“நல்லாத்தானே இருந்துச்சு நைனா?” என்றேன்.

“அது அளவச் சொல்லாதும்மா. நம்ம மனசுல இன்னா கீதோ அதச் சொல்லும்” என்றார்.

மூன்றாவதுதான் மாமன். அம்மாவின் தம்பி, காட்டூரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். அந்தப் பக்கத்து நெல் விவசாயிகளுக்குக் ஏர்க்கொழுவும் அரிவாளும் அடிப்பவர். பனம்பழம் ஒரு கூடை தூக்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தவரிடம் நைனா கரித்துண்டால் தரையில் கவராயத்தை வரைந்து காட்டினார். மாமன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இதுக்கா மாமா இத்தினி அலைச்சல்? ஒடைஞ்ச கொழு ஒண்ணு கெடக்குது. சல்லிசா முடிச்சிடலாம்” என்றார்.

அடித்துக்கொண்டும் வந்தார். கறுப்பாக, கனமாக, திருகோ பட்டையோ எதுவும் இல்லாமல், இரண்டு தடித்த கால்களும் தலையில் ஓர் ஆணியும் மட்டும். ஏரியில் சேற்று நண்டு கொடுக்கைத் தூக்கி நிற்குமே, அப்படியே அதுதான். நைனா மாதிரி அச்சின்மேல் வைத்து, எடுத்து, உதறி, மறுபடி வைத்தார். நுனிகள் தொட்டும் தொடாமலும் நின்றன. இன்னும் பலமாக உதறினார். அசையவில்லை.

“திருகு இல்லாம எப்படி மச்சான் நிக்குது?”

“ஆணிதான் மாமா. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு மயிர் போவாத அளவுக்கு அடிச்சிக்கீறேன். தெறக்கக் கொஞ்சம் கை வலிக்கும். அந்த இறுக்கந்தான் இதுக்கு உசுரு.”

அன்றைக்கு அதற்கு நண்டு என்று பெயர் வைத்தது நான். அதைப் பிடித்துக் கோழியின் வாலைக் கவ்வ முடிகிறதா என்று பார்த்ததும் நான்தான்.

வேலை ஓடியது. நைனா மாதிரி அச்சில் நண்டை வைத்து அளவெடுத்து, கடைசலுக்கு வந்து, இழைக்க இழைக்க நண்டைக் கவ்வவிட்டுப் பார்ப்பார். கவ்வாது. இன்னும் ஒரு சுற்று இழைப்பார். நண்டு கவ்வி, அவர் “ம்” என்றால் அம்மா கயிற்றை விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். கோட்டைக்குப் போன வரிசையைத் துரை கலைத்துப் போட்டு, எதை எதிலோ மாட்டிப் பார்த்தாராம். எல்லாம் சுழன்றன. நைனா அன்று திரும்பி வரும்போது வாயில் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு ஏரித் தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு கூறு இறால் வாங்கிவந்தார். அத்தை வெகுநாளைக்குப் பிறகு குழம்பு வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை.

இவ்வளவு சொன்ன பிறகு உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை என்பதுதான் விசேஷம். அத்தை எல்லா இரும்பையும் எடுத்துவைத்துத் துடைத்தாள். நண்டும் இரும்புதானே. புதிதாக வந்த பிள்ளைக்குக் கூடுதலாக ஊற்றுகிற மாதிரி, அதன் தலை ஆணியில் எண்ணெயைச் சொட்டவிட்டு, கால்களைத் திறந்து மூடி, ஊறவைத்தாள். என் கண் முன்னால்தான் நடந்தது. “பாரு, இப்போ கை வலிக்காம தெறக்குது” என்று என்னிடம் காட்டவும் செய்தாள். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு இழைத்ததெல்லாம் கெட்டது. நைனா நண்டை மரத்தின்மேல் வைப்பார். மரம் பருமனாக இருந்தால் கவ்வக்கூடாது. ஆனால் தளர்ந்துபோன கால் தானே கொஞ்சம் விரிந்து கவ்விவிடும். சரியாக வந்துவிட்டது என்று அவர் அடுத்த மரத்தைப் பூட்டுவார். சாயபு கடையில் பூவேலை போட்ட தகடு செய்த அதே வேலையை இப்போது நண்டு செய்தது. கோட்டையில் சக்கரங்கள் இறுகி நின்றன. துரை கடல் பக்கம் கையைக் காட்டினாராம்.

மாமன் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். நைனா அவர் முன்னால் நண்டைத் தூக்கிப் போட்டார். அது மண்ணில் விழுந்து தானே கால் விரித்துக்கொண்டது. மாமன் எடுத்துப் பார்த்தார். நைனாவின் முகத்தைப் பார்த்தார். “நான் அடிச்ச ஆணி இப்படி வுடாது மாமா. யாராச்சும் தட்டிக் கிட்டிப் பாத்தீங்களா?”

அவ்வளவுதான், அம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது. கோழி வாலைக் கவ்வவிட்டவள் நான்தானே. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. எதற்கு என்று கேட்பதற்குள் நைனா குறுக்கே புகுந்தார். “கொழந்தைய ஏன் அடிக்கற? கொழந்த வெளையாடி ஒடையற சாமானா குடுப்பான் ஒருத்தன்? மாட்டுக்கு லாடம் அடிக்கற கை. அதுக்கு இன்னா தெரியும் அளவு?”

மாமன் நண்டைக் கீழே வைத்தார். தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, கொண்டுவந்த பையையும் வைக்காமல் திரும்பி நடந்தார். அம்மா வாசல்வரை போய் நின்றாள். பிறகு வந்து கயிற்றைப் பிடித்தாள். அன்றைக்கு மரம் சுழன்ற சத்தத்தைக் கேட்டிருந்தால் நீங்களும் காதைப் பொத்திக்கொண்டிருப்பீர்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கயிறு இழுக்கிற சத்தமே இல்லை. நைனா உளி வைக்க ஒரு பெட்டி செய்யத் தொடங்கினார். கப்பலில் கொண்டுபோகத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெட்டியை ஒளித்துவைத்தால் அவர் போக மாட்டார் என்று நினைத்து இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. அத்தை சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு ஒருநாள், அனுப்பம்பட்டுப் பக்கம் குறி சொல்கிற ஒருத்தி இருக்கிறாள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. புரட்டாசி மழை. சனிக்கிழமை வந்தது, போனது. அத்தை வரவில்லை. இரும்புக்கு எண்ணெய்க் குளியல் இல்லாமல் போயிற்று.

மழை விட்ட ஒரு காலையில் நைனா, கை சும்மா இருக்கப் பழகாததால், ஒரு கட்டையைப் பூட்டினார். அம்மா கயிற்றைப் பிடித்தாள். நைனா பழக்கத்தில் நண்டை எடுத்தார். ஈரத்தில் கிடந்து அது முழுக்கச் செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. திறக்க வரவில்லை. வலிந்து திறந்து மாதிரி அச்சில் வைத்து அளவெடுத்தார். இழைத்தார். நண்டைக் கவ்வக் கொடுத்தார். கவ்வவில்லை. ஒரு சுற்று இழைத்தார். கவ்வவில்லை. இன்னும் ஒரு சுற்று. நுனிகள் தொட்டும் தொடாமலும் நின்றன.

உதறிப் பார்த்தார். அசையவில்லை. அச்சைக் கொண்டுபோய்க் கெட்டுப்போன பழைய கப்பிகளின் சக்கரம் ஒவ்வொன்றிலும் மாட்டிச் சுற்றினார். எல்லாம் சுழன்றன. அவர் நண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். துரு நாற்றம் மட்டும்தான், சுறா எண்ணெய் நாற்றம் இல்லை. பிறகு தன் விரலை முகர்ந்தார். அவர் பார்வை மூலையில் இருந்த அத்தையின் கொட்டாங்கச்சிக்குப் போனது. அம்மாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அவள் கையில் தொங்கியது.

“அக்காவுக்குத் தெரிய வேணாம்” என்றார் நைனா.

“நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்” என்றாள் அம்மா. “புருஷன அனுப்பிட்டு குந்தினுகீறா. தம்பியையும் தன் கையாலயே அனுப்பப் பாத்தேன்னு தெரிஞ்சா தாங்குவாளா?” பிறகு என்னைப் பார்த்து, “உனக்கும்தாண்டி” என்றாள். அன்று மத்தியானம் என் சோற்றில் குழம்போடு இறால் அள்ளி அள்ளி விழுந்தது. அறைந்ததற்கு அம்மா மன்னிப்புக் கேட்டது அப்படித்தான், வாயைத் திறந்து கேட்டதில்லை.

நைனா அன்றே காட்டூருக்குக் கிளம்பினார். நானும் போனேன். வழி முழுக்க மாமனிடம் என்ன சொல்வது என்று அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பட்டறையில் மாமன் எங்களைப் பார்த்தார், ஆனால் கையை நிறுத்தவில்லை. நைனா நேராகப் போய்த் துருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அதை ஊதத் தொடங்கினார். மரவேலைக்காரர், ஊதத் தெரியவில்லை. கரி பறந்து அவர் முகத்திலேயே அடித்தது. மாமன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

நைனா எண்ணெய்க் கதையைச் சொன்னார். மாமன் சுத்தியை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “சொறா எண்ணெயா? எனக்குத் தோணவே இல்லியே மாமா. காட்டூர்ல ஏது சொறா?” கொஞ்ச நேரம் நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க அக்கா கேட்டா, ஆணி மட்டமா அடிச்சிட்டேன், மறுபடி தட்டிக் குடுத்தேன்னு சொல்லிடுங்க.”

“உன் பேரு கெடுமே மச்சான்.”

“கெட்டா கெடட்டும். நான் மாட்டுக்கு லாடம் அடிக்கறவன்தானே” என்றார் மாமன். நைனா மறுபடி துருத்தியை ஊதக் குனிந்துகொண்டார். மாமன் ஆணியைச் சாம்பலால் தேய்த்து, காய்ச்சி, எண்ணெய்ப் பசை போக எடுத்து, புதிதாக அடித்துக் கொடுத்தார்.

அத்தை அனுப்பம்பட்டிலிருந்து குங்குமப் பொட்டலத்தோடு திரும்பியபோது வீட்டில் கயிறு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி கப்பல் ஏற மாட்டான் என்று குறிகாரி சொன்னாளாம். “சொன்னது பலிச்சிடுச்சு அண்ணி” என்றாள் அம்மா. மாமன் ஆணி மாற்றிய கதையையும் சொன்னாள். அத்தை எல்லாருக்கும் குங்குமம் வைத்துவிட்டாள். கப்பிகள் மூலையில் குவியத் தொடங்கின.

அடுத்த சனிக்கிழமை வந்தது. நைனா நண்டை மரத்துண்டுகளுக்கு அடியில் செருகிவைத்திருந்தார். அத்தை கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்தாள். முதலில் புருஷனின் உளிகள். பிறகு நைனாவின் உளிகள், வாள், இழைப்புளி. அம்மா கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை என்றாலும் மரத்தைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை எழுந்துபோய் மரத்துண்டுகளை நகர்த்தி நண்டை எடுத்தாள். வைத்தவர் சொல்லாமலே அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எண்ணெய்க் கையைப் புடவையில் ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். காய்ந்த துணியால் நண்டின் கால்களை மட்டும் துடைத்தாள். ஆணியைத் தொடவில்லை. சுவரில் மற்ற சாமான்களோடு எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினாள்.

“இதுக்கு வேணாம்” என்றாள்.

நைனா சுழல்கிற மரத்திலிருந்து உளியை எடுத்துவிட்டார். அத்தையும் தச்சன் வீட்டில் பிறந்து தச்சனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தான் இல்லாதபோது எது மாறியது என்று பார்க்க அவளுக்குக் குறிகாரி தேவைப்பட்டிருக்காது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று எங்கள் மூன்று பேருக்கும், அவளுக்குத் தெரியாமல் நாங்கள் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் எண்ணம்.

மிச்சமிருந்த எண்ணெயை அவள் கொட்டவில்லை. கப்பிக் குவியல் பக்கம் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடியில் எடுத்து, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே எண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றி ஊறவைத்தாள். அங்கே எண்ணெய் விடுவது சரியான வேலைதான். பொழுது சாய்கிறவரை செய்தாள்.

துரை எல்லாவற்றையும் கலைத்து மாட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். வானம் கறுக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் கப்பல் பாய் விரித்தது. நைனா எங்களோடு கரையில் நின்றார். அவர் செய்த உளிப்பெட்டி வீட்டில் அரிசி வைக்கப் போயிற்று. அத்தை தன் புருஷன் போன பிறகு அந்தப் பக்கமே போனதில்லை, அன்று எங்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அதுல போவறதெல்லாம் நம்ம கப்பிதானே?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா.”

“பத்தாவில கப்பல செப்பனிட தச்சனுங்களத்தான் ஏத்துவாங்க. அவரு கையில ஒண்ணு பட்டா, நம்ம வூட்டு வேலைன்னு தெரிஞ்சிப்பாரு இல்ல?”

பழைய மாதிரி சோடி பார்த்து இழைத்த கப்பி என்றால் நைனாவின் கைத்திறத்தை அத்தையின் புருஷன் ஒரு தொடலில் கண்டுபிடித்திருப்பார். இவை அப்படி இல்லை. நண்டு வைத்து அளந்து, ஒன்றைப்போல் ஒன்றாக, அந்தத் துரை கொடுத்த மாதிரியைப்போலவே செய்தவை. உலகத்தில் எந்த ஊர்க் கப்பியோடு வைத்தாலும் வித்தியாசம் தெரியக் கூடாது என்றுதானே அவ்வளவு பாடுபட்டோம். நைனா கப்பலையே பார்த்தபடி, “தெரிஞ்சிப்பாருக்கா” என்றார்.

“பாத்தா தெரியாது, எனக்குத் தெரியும்” என்றாள் அத்தை. “அதான் எண்ணெ வுட்டு வெச்சேன். மோந்து பாத்தா தெரியும்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அத்தை தன் வலது கையை முகத்தருகே கொண்டுபோனாள். எத்தனை முறை கழுவினாலும் அந்த நாற்றம் போகாது, அது உங்களுக்கும் தெரியும். பாய் கண்ணுக்கு மறைகிறவரை அவள் அந்தக் கையை இறக்கவில்லை.